பண்ருட்டி குடும்பம்: வளைகாப்புத் தட்டு

அம்மா: ஞாயிறு வளைகாப்புக்குத் தட்டு ஒன்பது. மாம்பழம், வாழை, ஆப்பிள், மாதுளை, சாத்துக்குடி, அன்னாசி, இனிப்பு, பூ, வளையல். கார்த்தி நாளைக் காலை கோயம்பேட்டில் வாங்கிவிடுவான். ஏதாவது விட்டுப்போயிருந்தால் இன்றே சொல்லுங்கள்.

ஜெயா அத்தை: அன்னாசியா?

ஜெயா அத்தை: பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் அன்னாசியா ராஜி?

உமா சித்தி: நானும் அதைத்தான் நினைத்தேன்.

அம்மா: தட்டில் வைக்கத்தானே அண்ணி. அவள் தின்னப் போவதில்லை.

ஜெயா அத்தை: மாம்பழமும் சூடு. கத்திரி இன்னும் முடியவில்லை.

கார்த்தி: மாம்பழம் தின்றவனுக்கும் தின்னாதவனுக்கும் தெர்மாமீட்டரில் 37 டிகிரிதான் அத்தை.

ஜெயா அத்தை: நான் உடம்புச் சூட்டைச் சொல்கிறேன். காய்ச்சலை அல்ல.

மணி சித்தப்பா: அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. வாய்ப்புண், கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, சூட்டுக்கட்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரியவர்கள் சூடு என்றார்கள். மாம்பழம் வருவதும் வெயில் ஏறுவதும் ஒரே சமயம். வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காததால் வரும் கடுப்புக்குப் பழம் பழி சுமக்கிறது. ஆனால் வாயோரம் வரும் கொப்புளத்துக்கு மாம்பழமே பொறுப்பு. காம்பில் வடியும் பால் தோலை அரித்துவிடும். அம்மா பழத்தை அண்டாத் தண்ணீரில் போட்டுவைப்பாளே, அந்தப் பால் அதில் கழுவிப் போய்விடும். அன்னாசி நாக்கை அறுப்பது புரோமலின் என்ற நொதியால். அது தண்டில்தான் அதிகம். இரண்டு துண்டு தின்றால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. பப்பாளிக் காயும் செங்காயும் வேறு சங்கதி. அந்தப் பால் கருப்பையைச் சுருங்கவைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். தொடரும்.

உமா சித்தி: தொடர வேண்டாம். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

ஜெயா அத்தை: அன்னாசியை எடுத்துவிட்டு நம் தோட்டத்துப் பலாவை வை. ஒன்று வாசம் விட ஆரம்பித்திருக்கிறது.

கார்த்தி: பலா சூடு இல்லையா?

ஜெயா அத்தை: நம் மரத்துப் பழம் ஒன்றும் செய்யாது.

கார்த்தி: திருப்பதி போகும்போது வந்தவாசியில் மாமா பஸ்ஸை நிறுத்தச் சொன்னதும் அந்த மரத்துப் பழத்தால்தானே.

அம்மா: கார்த்தி!

ஜெயா அத்தை: பாதிப் பழத்தை ஒரே ஆளாகத் தின்றால் பழம் என்ன செய்யும்?

ஜெயா அத்தை: உங்கள் புதுமனை புகுவிழாவுக்கும் இரண்டு பழம் அனுப்பினேன். பின்கட்டிலேயே கிடந்து அழுகியது. நான் மறக்கவில்லை.

அம்மா: அரிய ஆள் இல்லை என்று அன்றைக்கே சொன்னேனே அண்ணி.

ஜெயா அத்தை: கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் அரை மணி வேலை.

மணி சித்தப்பா: பலாவில் செரிக்காமல் மிஞ்சுவது பெருங்குடலில் நொதிக்கும். பொருமலும் வாயுவும் அதனால்தான். அப்பா சுளையைத் தேனில் தொட்டுத்தான் தின்பார். தேன் வாயுவைக் குறைத்ததோ இல்லையோ, கிண்ணத்தில் தேன் தீர்ந்ததும் எழுந்துவிடுவார்.

உமா சித்தி: பால் பொங்கி வழிந்துவிட்டது. நன்றி.

திவ்யா: தட்டு எனக்குத்தானே? நானும் பேசலாமா?

திவ்யா: சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுத்த சோதனையில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. மாம்பழம் இரண்டு கீற்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வேறு.

ஜெயா அத்தை: ராஜி, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அம்மா: எனக்கே இப்போதுதான் தெரிகிறது அண்ணி.

ஜெயா அத்தை: ராத்திரி படுக்கும்முன் சிறுமலை வாழை ஒன்று கொடு. காலையில் தானாகப் போகும்.

மணி சித்தப்பா: ஒன்றுதான். அதிலும் சர்க்கரை இருக்கிறது. கொய்யா இன்னும் நல்லது.

உமா சித்தி: சீர்த்தட்டில் கொய்யாவை யார் வைப்பார்கள்?

திவ்யா: எனக்கு நுங்கு வேண்டும்.

அம்மா: சீவிவைத்தால் மதியத்துக்குள் நுரைத்துவிடும் கண்ணு.

ஜெயா அத்தை: குலையோடு வை. கேட்ட பிள்ளைக்கு இல்லையென்று சொல்லாதே.

அம்மா: அன்னாசியை எடுத்தால் தட்டு எட்டு. பலா வந்தால் ஒன்பது. நுங்கும் வந்தால் பத்து. இரட்டைப்படை ஆகாதே.

கார்த்தி: மாதுளையை எடுத்துவிடலாமா?

உமா சித்தி: மாதுளையைத் தொடாதே.

மணி சித்தப்பா: அண்ணி, நுங்கு பழமே அல்ல. பனையின் முற்றாத விதை. தட்டுக் கணக்கில் வராது.

ஜெயா அத்தை: இதைச் சம்பந்தி வீட்டில் போய்ச் சொல் மணி. மெச்சிக்கொள்வார்கள்.

உமா சித்தி: அது போகட்டும், மண்டபத்துக்கு மீதிப் பணம் யார் கட்டுகிறீர்கள்? மேலாளர் எங்களைத்தான் கூப்பிடுகிறார்.

கார்த்தி: நான் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். அன்னாசி உண்டா இல்லையா?

அம்மா: வாங்கு.

ஜெயா அத்தை: வாங்காதே.

அம்மா: வாங்கிவை. வைப்பதா வேண்டாமா என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஜெயா அத்தை: பலா பதினைந்து கிலோவாவது இருக்கும். பஸ்ஸில் தூக்கிவர எனக்குத் தெம்பில்லை. யார் வண்டி அனுப்புகிறீர்கள்?