வாங்கப் போகும் வீட்டில் ரேடான் 7.2, விட்டுவிடலாமா?

புதுக்குடி_ஆலன்டவுன்:
வணக்கம். பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் பக்கம் வீடு பார்த்து, விலை பேசி, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனில் கூரை, ஹீட்டர் எல்லாம் பரவாயில்லை. ஆனால் பேஸ்மென்டில் ஒரு மெஷினை இரண்டு நாள் வைத்து எடுத்துப் போனார்கள், ரேடான் லிட்டருக்கு 7.2 பிகோகியூரி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மண்ணிலிருந்து கசிகிற கதிரியக்க வாயுவாம், நுரையீரல் புற்றுநோய் வரவழைக்குமாம். 4-ஐத் தொட்டாலே சரிசெய்ய வேண்டுமாம். ரியல்டர் "இங்கே இதெல்லாம் சகஜம், ஒரு பைப் போட்டால் போயிற்று" என்று சிரிக்கிறார், அவருக்கு அவர் கமிஷன். என் மனைவி இந்த வீடே வேண்டாம் என்கிறாள். அடுத்த ஏப்ரலில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் அந்த பேஸ்மென்ட் அறையில்தான் தங்கப் போகிறார்கள், அப்பா முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர், விட்டு எட்டு வருடம் ஆகிறது. விற்பவருக்குப் பதில் சொல்ல ஐந்து நாள்தான் கெடு. நல்ல ஏர் பியூரிஃபையராக வாங்கி வைத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொலுப்பெட்டி:
ஏர் பியூரிஃபையரை மறந்துவிடுங்கள். ரேடான் ஒரு வாயு, தூசி பிடிக்கிற ஃபில்டரில் அது நிற்காது. நானும் பென்சில்வேனியாதான், பதினோரு வருடம். இந்த மாநிலத்தில் பத்தில் நான்கு வீடுகள் 4-க்கு மேல் இருக்கும் என்பது மாநில அரசின் கணக்கு, அதனால் ரியல்டர் சொன்னதில் பொய் இல்லை. இந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்தால் அங்கே 9 வரலாம்.

உலகத்துக்கு இந்த விஷயம் தெரிய வந்ததே உங்களிடமிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாயர்டவுன் பக்கத்தில்தான். 1984 டிசம்பரில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினியர் லிமெரிக் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போனால் கதிர்வீச்சு அலாரம் அலறுகிறது. அங்கே உலை இன்னும் மின்சாரமே தயாரிக்க ஆரம்பிக்கவில்லை, அப்படியானால் இவர் மேல் எங்கிருந்து ஒட்டியது என்று தேடிக்கொண்டு போனால் அவர் வீட்டில் சுமார் 2,700 பிகோகியூரி! அடியில் யுரேனியம் கலந்த பாறை. யுரேனியம் சிதைந்து ரேடியம், ரேடியம் சிதைந்து ரேடான். அந்தக் குடும்பம் வெளியேறியது, வீட்டைச் சரிசெய்தார்கள், பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்து குடியிருந்தார்கள். 2,700-ஐயே இறக்கியிருக்கிறார்கள், 7.2-க்கு ஏன் ஓட வேண்டும்?

செய்கிற வேலை இதுதான். பேஸ்மென்ட் தரையில் ஓட்டை போட்டு, கான்கிரீட்டுக்கு அடியில் கொஞ்சம் ஜல்லியை அள்ளிக் குழி பண்ணி, அதில் ஒரு பிவிசி பைப்பை இறக்கி, கூரைக்கு மேல் வரை கொண்டுபோய், நடுவில் இரவு பகல் ஓடுகிற சின்ன ஃபேன் ஒன்றை வைப்பார்கள். வாயு வீட்டுக்குள் ஏறுவதற்கு முன்பே மண்ணுக்குள்ளிருந்து உறிஞ்சி வெளியே விட்டுவிடும். தரையில் ஊறும் தண்ணீரை இறைக்கிற சம்ப் பம்ப் குழி இருந்தால் காற்றுப் புகாத மூடி போட்டாக வேண்டும், தரை விரிசல்களை அடைக்க வேண்டும், ஆனால் விரிசலை மட்டும் அடைத்துவிட்டு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபேன் கூரைக்கு அடியிலுள்ள பரணிலோ கராஜிலோ வெளிச்சுவரிலோ இருக்கலாம், ஆள் புழங்குகிற இடத்துக்குள் கூடாது. செலவு பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் டாலருக்குள் முடியும். இங்கே இந்த வேலை செய்பவர்களுக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயம், கேட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். விற்பவரையே போடச் சொன்னால் மலிவான ஆளைப் பிடிப்பார். விலையில் அந்தப் பணத்தைக் கழித்துக் கொடுக்கச் சொல்லி, சாவி வாங்கிய பிறகு நீங்களே ஆள் வைத்துச் செய்யுங்கள்.

சும்மா_கேட்கிறேன்:
எல்லாம் காசு பிடுங்குகிற வேலை சார். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, இருமல்கூட வராது, ஆனால் ஆயிரம் டாலர் மட்டும் எடு என்பார்கள். நம் ஊரில் யார் வீட்டில் ரேடான் டெஸ்ட் எடுத்தார்கள்? தாத்தா தொண்ணூறு வயது வரை நன்றாகத்தானே இருந்தார்?

ஸ்காபரோ_குருவி:
தாத்தா வீட்டில் பேஸ்மென்ட் இருந்ததா, ஜன்னலைப் பூட்டிக்கொண்டு ஆறு மாதம் ஹீட்டர் போட்டுக்கொண்டு இருந்தாரா? எங்கட பக்கம் திண்ணை, முற்றம், நாலு பக்கமும் காற்று, வருகிற வாயு அப்படியே கலைந்து போய்விடும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறிக் கசிய, அந்த இடத்தை நிரப்ப வீடு கீழே மண்ணிலிருந்து காற்றை இழுக்கும். அதனால்தான் குளிர்காலத்தில் எண் கூடக் காட்டும். அமெரிக்காவில் இதனால் வருடத்துக்கு ஏறத்தாழ 21,000 பேர் நுரையீரல் புற்றுநோயில் சாகிறார்கள் என்பது அவர்களின் சுற்றுச்சூழல் துறை மதிப்பீடு. புகை பிடிக்காத ஆட்களுக்கு அந்த நோய் வரும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

தம்பி, கனடாவில் எண்ணே வேறு மாதிரி வரும், பெக்கரல் கணக்கு. லிட்டருக்கு ஒரு பிகோகியூரி என்றால் கன மீட்டருக்கு 37 பெக்கரல், உங்கள் 7.2 இங்கே கிட்டத்தட்ட 266. எங்கள் அரசின் வரம்பு 200, உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 100 என்கிறது. அதனால் 3.9 என்றால் பத்திரம், 4.1 என்றால் ஆபத்து என்று கோடு கிழிக்க வேண்டாம், எவ்வளவுக்குக் குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. இரண்டு நாள் டெஸ்ட் வீடு வாங்குகிற அவசரத்துக்குச் சரி. இங்கே குறைந்தது மூன்று மாதம் வைக்கத்தான் சொல்கிறார்கள். நான் ஒரு குளிர்காலம் முழுக்க வைத்தேன், மாதா மாதம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

புதுக்குடி_ஆலன்டவுன்:
நன்றி இருவருக்கும். அப்பா விஷயம்தான் உறுத்துகிறது. சிகரெட்டும் இதுவும் சேர்ந்தால்?

கொலுப்பெட்டி:
சேர்ந்தால் மோசம்தான். 4 அளவில் ஆயுள் முழுக்க இருந்தால் புகை பிடிப்பவர்களில் ஆயிரத்துக்கு 62 பேருக்கும், பிடிக்காதவர்களில் 7 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. ஆனால் அது ஆயுள் கணக்கு, ஆறு மாதத்துக்கானது இல்லை. நீங்கள் நவம்பரில் பைப் போட்டுவிட்டால் அப்பா வருவதற்குள் எண் இறங்கியிருக்கும். அந்த ஆறு மாதத்தைவிட, அதே பேஸ்மென்டில் நீங்கள் உட்கார்ந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போகிற பத்து வருடத்தை யோசியுங்கள்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பைப்பில் ஒரு சின்ன யூ வடிவக் குழாய் தொங்கும், உள்ளே கலர் திரவம். இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கமாக நின்றால் ஃபேன் இழுக்கிறது, ஒரே மட்டத்தில் நின்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம். நவராத்திரி முடிந்து கொலு பொம்மைப் பெட்டிகளை அந்தக் குழாய்க்கு முன்னால்தான் அடுக்கினோம். அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியை எடுத்தால் திரவம் சமமாக நிற்கிறது. ஃபேன் எப்போது செத்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். உடனே கடையில் கரி டெஸ்ட் கிட் வாங்கி வைத்தேன், 11 வந்தது. ஃபேன் மாற்றிய பிறகு 1.3. அந்தக் குழாயும் ஃபேன் இழுக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், ரேடான் எவ்வளவு என்று சொல்லாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். வைப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல் எல்லாம் மூடியிருக்க வேண்டும், சமையலறை, குளியலறைக்குள் வைக்கக் கூடாது.

சும்மா_கேட்கிறேன்:
சரி சரி, நானும் ஒரு கிட் ஆர்டர் பண்ணிவிட்டேன். எங்கள் வீட்டில் பேஸ்மென்ட் கிடையாது, தரைத்தளம் மட்டும்தான். பரவாயில்லையா?

கொலுப்பெட்டி:
கான்கிரீட் தளம் மண்ணைத் தொடுகிறதே, அது போதும். வைத்துப் பாருங்கள்.

புதுக்குடி_ஆலன்டவுன்:
விற்பவர் 1,500 டாலர் கழித்துக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். மனைவியும் அரை மனதாகச் சரி என்றிருக்கிறாள், ஆனால் பைப் போட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கும் வரை சாமான்களை பேஸ்மென்டில் இறக்க விடமாட்டாளாம். கொலு பொம்மை எங்களிடமும் இரண்டு பெட்டி இருக்கிறது.