முதலாண்டு இயற்பியல்: எந்தப் பாடம், எந்தப் பேராசிரியர்?

கேள்வி: அண்ணா, பொறியியல் படிக்க அமெரிக்கா வந்திருக்கிறேன். பதிவுப் பட்டியலில் இயற்பியல் என்று மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒரே பாடத்துக்கு நான்கு பேராசிரியர்கள். எதை எடுப்பது?

பதில்: தம்பி, பேராசிரியர் பிறகு. முதலில் பாடத்தைச் சரியாகப் பிடியுங்கள். இங்கே முதலாண்டு இயற்பியல் பெரும்பாலும் இரண்டு தடங்களில் ஓடுகிறது. நுண்கணிதத்தோடு நடப்பது பொறியியல், இயற்பியல் மாணவர்களுக்கு. இயற்கணிதத்தோடு நின்றுகொள்வது உயிரியல் படிப்பவர்களுக்கும் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகிறவர்களுக்கும். மூன்றாவதாக நீங்கள் பார்த்தது அநேகமாகக் கலைப் பிரிவினருக்கான அறிமுகப் பாடமாக இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

எளிதாக இருக்கிறதே என்று இயற்கணிதத் தடத்தில் ஏறினால், பொறியியல் துறை வழக்கமாக அதை ஏற்காது. பணமும் ஒரு பருவமும் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நுண்கணிதம் முதல் பாடத்தை முன்பே முடித்திருக்க வேண்டுமா, கூடவே எடுத்தால் போதுமா என்பதையும் பாட விவரத்தில் பாருங்கள். சமுதாயக் கல்லூரியில் (முதல் இரண்டு ஆண்டுகளுக்கான உள்ளூர்க் கல்லூரி) படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். கலிபோர்னியாவில் எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்று அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பேராசிரியர். மாணவர்கள் பேராசிரியர்களை மதிப்பிட்டு எழுதும் ரேட் மை புரொபசர்ஸ் தளத்தைத்தான் எல்லோரும் முதலில் திறக்கிறார்கள். கோபம் தலைக்கேறியவர்களும் மகிழ்ச்சியில் மிதப்பவர்களும்தான் அங்கே அதிகம் எழுதுகிறார்கள் என்பது என் கணிப்பு. நட்சத்திரங்களை எண்ணாமல் வரிகளைப் படியுங்கள். "வகுப்பில் சொல்லாததைத் தேர்வில் கேட்கிறார்" என்று பலர் தனித்தனியே எழுதியிருந்தால் அது செய்தி. "உச்சரிப்பு புரியவில்லை" என்பதை நான் ஒதுக்கிவிடுவேன். நம் உச்சரிப்பைப் பற்றியும் யாராவது அப்படித்தான் எழுதுவார்கள்!

அதைவிடப் பழைய பருவத்தின் பாடத்திட்டத் தாள் பெரிய சாட்சி. தேர்வுகளுக்கு எத்தனை சதவீதம், வீட்டுப்பாடத்துக்கு எத்தனை, மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற தேர்வைக் கழித்துவிடுவார்களா, எல்லாம் அதில் இருக்கும். பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தை வெவ்வேறு பேராசிரியர்கள் நடத்தும் பல பிரிவுகளுக்கும் ஒரே பொதுத்தேர்வு வைப்பது உண்டு. அங்கே பேராசிரியரை மாற்றினாலும் வினாத்தாள் மாறாது. இயற்பியல் கணக்குகளைப் போட்டுப் பழக்கும் சிறு வகுப்பை நடத்தும் ஆராய்ச்சி மாணவர் யார், சந்தேகம் கேட்க ஒதுக்கும் அலுவல் நேரத்தில் உங்களால் போக முடியுமா என்பவைதாம் அதிகம் உதவும். சிறிய கல்லூரியில் நேர்மாறு: வினாத்தாளும் மதிப்பெண்ணும் பேராசிரியர் கையில்.

வகுப்பில் கேள்வி கேட்டு, பக்கத்து மாணவரோடு விவாதிக்க வைக்கும் பேராசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை அது. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளை ஒப்பிட்டபோது, இத்தகைய வகுப்புகளில் கருத்துப் புரிதல் வெறும் விரிவுரையைவிட நன்றாகவே உயர்ந்திருந்தது. நமக்கு இது குறிப்பாகத் தேவை. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது; அப்போது அதன் முடுக்கம் என்ன? சமன்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிப்பவரும் சுழி என்று எழுதிவிடுவார். திசைவேகம்தான் சுழி, முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி² தான். இங்கே தேர்வுகளில் இப்படிப்பட்ட கேள்விகள் தாராளமாக வரும்.

கேள்வி: எடுத்த பிறகு பிடிக்கவில்லை என்றால்?

பதில்: பருவத் தொடக்கத்தில் சேர்க்கவும் விலக்கவும் ஒரு கெடு உண்டு. அதற்குள் பிரிவை மாற்றினால் மதிப்பெண் சான்றிதழில் அதன் சுவடு இருக்காது. தாண்டி விலகினால் 'டபிள்யூ' (விலகியதற்கான குறி) என்று பதிவாகும். நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. இளநிலை மாணவருக்குப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வேண்டும். ஆய்வகத்தோடு சேர்ந்த இயற்பியல் பெரும்பாலும் 4 கிரெடிட். அதை விட்டால் சட்டென்று எல்லைக்குக் கீழே இறங்கிவிடுவீர்கள். விலகல் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்குங்கள்.