தனுஷ்கோடிக் கரையோர நடை: வழிகாட்டுதல் வேண்டி
அன்பர்களுக்கு வணக்கம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்பு, மணலில் கால் புதையப் புதைய நடந்து பழகிய அந்தக் கடற்கரையை, வரும் தை மாதத்தில் எழுபது வயதைக் கடந்த என் தந்தையாருடன் மீண்டும் நடந்து பார்க்க விரும்புகிறேன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவர்களை அவர் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாலையோரமாக நடப்பதில் எனக்குச் சற்றும் விருப்பமில்லை. வாகன இரைச்சலில் அந்தக் கரையின் அழகே போய்விடும். ஊரார் பெண் கடல் என்று அழைக்கும் பாக் நீரிணைப் பக்கம் பொதுவாக அமைதியானது என்றாலும், வாடைக்காற்றுக் காலத்தில் அதுவே கொந்தளிக்கும் என்பதால், எந்தப் பக்கமாக நடப்பது முதியவருக்கு உகந்தது, ஈரமணல் காலைத் தாங்குமா, மாலையில் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், வழியில் குடிநீர் கிடைக்குமா என்பதை அண்மையில் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.