கொழும்பில கொலாஜ் செய்யிற ஆக்களச் சந்திச்சிருக்கிறீங்களா? உங்கட அனுபவத்தச் சொல்லுங்கோ

கத்தரிக்காரி, வெள்ளவத்தை

கொலாஜ் எண்டா பள்ளிக்கூடத்தில பழைய மகஸின வெட்டி ஒட்டினதுதான் எண்டு எங்கட சனம் இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கு. அதையே தொழிலா, உயிராச் செய்யிற ஆக்கள் இஞ்ச கொழும்பிலயே இருக்கினம், அவையளச் சந்திச்ச கதையள ஒரு இடத்தில சேப்பம் எண்டு ஆசை. முதல்ல என்ர கதை.

கலா பொல எண்ட ஓவியச் சந்தை தெரியும்தானே, 1993-ல ஜோர்ஜ் கீட் ஃபவுண்டேஷன் தொடங்கினது, நெலும் பொகுணப் பக்கம் றோட்டோரம் மரங்களுக்குக் கீழ படங்கள வச்சு விக்கிறது. யானை, பெரஹர, வள்ளம் எண்டு ஒரே மாதிரியான கன்வஸுகளத் தாண்டிப் போகேக்க ஒரு அக்கா சின்னச் சின்ன ஃபிரேமா அடுக்கி வச்சுக்கொண்டு நிண்டவா. தூரத்தில இருந்து பாக்க புளி போட்டு மினுக்கின பித்தளைச் சாமான் மாதிரி இருந்திச்சுது, கிட்டப் போனாத்தான் தெரிஞ்சது அவ்வளவும் கலியாணக் கார்ட்.

யோசிச்சுப் பாருங்கோ, எங்கட வீடுகளில கலியாணக் கார்ட்டக் குப்பையில போட ஆருக்கும் மனம் வராது, முன்னுக்குப் பிள்ளையார் இருக்கிறார், அதால அலுமாரிக்கு மேல கட்டுக்கட்டாக் கிடக்கும். அந்த அக்காவுக்குத் தெரிஞ்ச சனம் எல்லாம் அதுகள சொப்பிங் பாக்கில போட்டுக் கொண்டந்து குடுத்திட்டுப் போகுதாம். அவா பிள்ளையார ஒருநாளும் வெட்ட மாட்டா. கரைப் பூவேலை, குத்துவிளக்கு, வாழை மரம், மண்டபத்தின்ர பேர், எல்லாத்தையும் வெட்டுவா, பிள்ளையார் மட்டும் முழுசா ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள போவார். "நான் வெட்டாம விட்டது எவ்வளவு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது தங்கச்சி" எண்டு சொன்னவா. அந்த வசனம்தான் என்ன இதை எழுத வச்சது.

ஒரு படத்த மட்டும் சொல்றன். உள்ளங்கையளவு இருக்கும், பக்கவாட்டில திரும்பிப் பாக்கிற ஒரு பொம்பிளையின்ர தலை. தலைமயிர் முழுக்க எழுத்து. "கனிஷ்ட புத்திரி", "சிரேஷ்ட புத்திரன்", "பேத்தியும்" எண்டு வாற வரியள நூல் மாதிரி மெல்லிசா வெட்டி, உச்சி பிரிச்சு, காதுக்குப் பின்னால வளைச்சு ஒட்டியிருக்கிறா. எந்தப் பேரும் முழுசா வாசிக்க ஏலாது, நடுவாலதான் கத்தி போயிருக்கு. ஏன் எண்டு கேட்டன். பிரிஞ்சு போன ஆக்களின்ர கார்ட்டும் இதுக்குள்ள கிடக்கும், அவை இதை எங்கயாவது பாத்தா மனம் நோகக்கூடாது எண்டா.

நான் அவாக்கு ஹன்னா ஹோஹ் பற்றிச் சொன்னன். ஜேர்மன் பொம்பிளை, பேர்லினில உல்ஸ்டைன் எண்ட பதிப்பகத்தில 1916-ல இருந்து பத்து வருஷம் தையல், பின்னல் டிசைன் வரைஞ்சு உழைச்சவா, அந்தக் கொம்பனி அடிச்ச சஞ்சிகையளையே வெட்டிக் கொலாஜ் செய்தவா. 1919-20-ல அவா செய்த பெரிய படம் ஒண்டின்ர தலைப்பிலயே சமையலறைக் கத்தி வருது. அதில மந்திரிமார், ராணுவத் தளபதிமார், மெஷின் சில்லு, ஆடுற பொம்பிளையள் எல்லாம் கலந்து கிடக்கும். கீழ வலப்பக்க மூலையில ஐரோப்பாவில எந்தெந்த நாட்டில பொம்பிளையளுக்கு வாக்குரிமை இருக்கு எண்டு காட்டிற மேப், அதுக்குப் பக்கத்தில தன்ர முகத்தச் சின்னனா ஒட்டி வச்சிருக்கிறா. (எங்கட நாட்டில அது 1931-ல வந்தது.) அக்கா உடன போன வாங்கி அந்த மூலையப் பெருப்பிச்சு கனநேரம் பாத்தவா. பிறகு கேட்டது ஒண்டே ஒண்டுதான், அந்தக் காலத்தில என்ன பசை பாவிச்சிருப்பா எண்டு.

கொம்பனித்தெரு நானா

நான் பொறந்து வளந்தது கொம்பனித்தெருவுல. எங்கட பக்கத்துல ஃபிரி ரஹ்மானும் அவர்ட கூட்டாளிமாரும் 'வீ ஆர் ஃப்ரம் ஹியர்' என்டு செவரெல்லாம் எங்கட ஆக்கள்ட படம் வரஞ்சது நெறயப் பேருக்குத் தெரியும். நான் செல்லப்போறது வேற ஒரு தம்பியப் பத்தி.

மருதானப் பக்கம் ஒரு செவர் ஈக்கி, டியூஷன் போஸ்டர், அதுக்கு மேல எலக்‌ஷன் போஸ்டர், அதுக்கு மேல மறுபடி டியூஷன் என்டு பலகை மாதிரி தடிப்பு. சுபஹ் தொழுதுட்டு வர்ற நேரம் இந்தத் தம்பி செவருல தண்ணி அடிச்சி அடிச்சி அதக் கழட்டிக்கிட்டு ஈக்கிறாரு, செக்கியூரிட்டி புடிச்சிக்கிட்டாரு, எந்தக் கட்சிக்காரன் நீ என்டு கேட்டு ஒரே சத்தம். நான் போய் பேசித்தான் உட்டாங்க. பொறகு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு வெவரம் கேட்டேன். ஊட்டுக்குக் கொண்டு போய் தொட்டியில ஊறப்போட்டு ஒவ்வொரு பட்டையா உரிப்பாராம், வெட்றதே இல்லையாம், கத்திரிக்கோலே ஊட்டுல இல்லையாம். உரியிற எடத்துல கெமிஸ்ட்ரி சேர்ட கண்ணு, அதுக்குக் கீழ தோத்துப் போன வேட்பாளர்ட நம்பர், அதுக்கும் கீழ என்னமோ ஒரு படத்துட சண்டக் காட்சி, எல்லாம் ஒரே நேரத்துல தெரியிது. பிரான்ஸ்ல ஜாக் வில்லெக்லே என்டு ஒருத்தரு 1949-ல இருந்தே பாரிஸ் தெருவுல கிழிஞ்ச போஸ்டர அப்புடியே எடுத்து ஃபிரேம் போட்டவரு, 2022-ல மவுத்தானாரு, அவர்ட படங்களப் பாத்துத்தான் இந்த ஆசை வந்தது என்டாரு. கிழிக்கிறது தெருவுல போறவங்க, தெரிஞ்செடுக்கிறது மட்டுந்தான் ஆர்டிஸ்ட் வேலை, அதான் அவங்கட கொள்கை.

ஆனா இந்தத் தம்பி ஒன்ன மட்டும் கிழிக்கல்ல. எங்கட பக்கம் ஊடுகள் ஒடச்ச நேரம் ஒரு ஊட்டுச் செவருல தொங்கின கலண்டர் அவருக்குக் கெடச்சீக்கி. பால்காரருக்குக் குடுத்த கணக்கு, கேஸ் மாத்தின தேதி, பிள்ளைக்கு ஊசி போட்ட நாள் எல்லாம் பேனையால எழுதி ஈக்கி. ரெண்டு ஷோவுல அதக் கேட்டாங்களாம், துண்டு போட்டா நல்லா வரும் என்டும் சொன்னாங்களாம். மாட்டேன் என்டாரு. முழுசா ஒரு போர்ட்ல ஒட்டி, சுத்தி உரிச்ச போஸ்டர் மட்டும் வச்சீக்காரு. நான் பாத்தேன், எங்கட உம்மாட கையெழுத்து மாதிரியே ஈந்திச்சி.

மட்டக்குளி வாசகன்

ரெண்டும் அருமை. ஒரு கேள்வி, பேப்பர் கட்டிங் ஒட்டினா கொஞ்சக் காலத்தில மஞ்சளாப் போகுதே, இஞ்சத்த ஈரக்காத்துக்கு பூஞ்சணமும் பிடிக்குது, இந்த ஆக்கள் அதுக்கு என்ன செய்யினம்?

கத்தரிக்காரி, வெள்ளவத்தை

தம்பி, பத்திரிகைத் தாளில மரத்தில இருக்கிற லிக்னின் எண்ட பொருள் அப்படியே இருக்கு, வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாத்தான் வரும். அந்த அக்கா வெளிச்சம் நேர படாத சுவராப் பாத்து மாட்டச் சொல்லித்தான் விக்கிறா. கன ஆக்கள் பத்திரிகைய லேசர் பிரிண்டில நல்ல தாளுக்கு மாத்தித்தான் ஒட்டுகினம். இங்க்ஜெட் வேண்டாம், பசை பட்ட உடன மை கரையும். பசைக்கு சும்மா கோதுமை மாவக் காய்ச்சினா பூச்சி வரும், மாவத் தண்ணியில கழுவி கீழ படியிற மாச்சத்த மட்டும் எடுத்துக் காய்ச்சினா நல்லது. புத்தகம் கட்டிற பழைய ஆக்கள் பூச்சிக்கு எண்டு மயில்துத்தம் சேக்கிறவை. ஆனா ஃபொயில் அடிச்ச கார்ட்டுக்கும் லமினேட் பண்ணினதுக்கும் இந்த மாப்பசை பிடிக்கவே பிடிக்காது, அதுக்கு பைண்டர் கம்தான்.

அப்பிடியே இன்னொண்டு, பத்திரிகையில ஆர்வம் எண்டா சி.கே. ராஜன் செய்த கொலாஜுகளத் தேடிப் பாருங்கோ. கேரளாக்காரர், தொண்ணூறுகளில இந்தியாவுக்குள்ள வெளிநாட்டுச் சாமான் வந்து குவியேக்க பத்திரிகை, சஞ்சிகைப் படங்கள வச்சே சின்னச் சின்னனாச் செய்தவர், 2007-ல ஜேர்மனியில டொக்குமென்டா கண்காட்சி வரைக்கும் போனது. ஒரு படத்தில ரெண்டு மூண்டு துண்டுதான் இருக்கும், அதுக்கே நெஞ்சு திக்கெண்டும்.

வத்தளை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஸ்கூல்ல ஆர்ட் பாடம் எடுக்கிறேன், சொந்த ஊரு ஹட்டன் பக்கம் தோட்டம். கொழும்புல ஒரு வேர்க்‌ஷாப்புக்குப் போனேன், நடத்தினவங்க ஒரு இளம் ஆர்டிஸ்ட், வீட்டுல இருந்து ஒரு போட்டோ கொண்டு வரச் சொன்னாங்க. என்கிட்ட எங்க அப்பாயி போட்டோ ஒன்னுதான் இருக்கு, அதுவும் ஐடி கார்டுக்கு எடுத்தது. தோட்டத்துல அந்தக் கால ஆளுங்களுக்கு ஐடிக்கு எடுத்த அந்த ஒத்தப் படம்தான், வேற கிடையாது. அதைப் பார்த்ததும் அவங்க முதல்ல சொன்னது, "மிஸ், இதுல கத்தி வைக்காதீங்க". போய் லேசர் போட்டோகாப்பி எடுத்துட்டு வாங்கன்னாங்க.

அங்கதான் டிரான்ஸ்ஃபர், அதாவது அச்சடிச்ச படத்தோட மையை மட்டும் வேற தாளுக்கு மாத்துறது, கத்துக்கிட்டேன். நைஜீரியாவுல பொறந்து அமெரிக்காவுல இருக்கிற ஞிடேகா அகுன்யிலி க்ராஸ்பிதான் அவங்களுக்கு உயிர். சொந்தக்காரங்க போட்டோ, நைஜீரியா மகஸின் படங்க எல்லாத்தையும் அசிட்டோன் வச்சு தாளுக்கு மாத்தி, வீட்டுச் சுவர், தரை, சட்டைன்னு படம் முழுக்க லேசாப் பரப்பி விடுவாங்களாம், கிட்டப் போனாத்தான் முகமுகமாத் தெரியுமாம். எங்களுக்கு அசிட்டோன் வேணாம், நாத்தம், புள்ளைங்களுக்கும் ஆகாதுன்னு அக்ரிலிக் மீடியம்னு பசை மாதிரி ஒன்னுல காட்டினாங்க. காப்பியைக் கண்ணாடி மாதிரி திருப்பி அடிச்சுக்கணும், இல்லாட்டி எழுத்து இடம் வலமா மாறி வந்துரும். மீடியம் பூசி, முகத்தைக் கீழ வச்சு ஒட்டி, ராத்திரி முழுக்கக் காய விட்டு, மறுநாள் தண்ணி தொட்டு விரலால தேய்க்கணும். தாள் வெள்ளையா உருண்டு உருண்டு வரும், அவசரப்பட்டா மையும் சேர்ந்து வந்துரும். எனக்கு முகமெல்லாம் நல்லா வந்துச்சு, மூக்குத்தி இருந்த எடத்துல மட்டும் மை புடிக்கல. பேனையால வச்சுரட்டுமான்னு கேட்டேன். வேணாம் மிஸ், விடுங்கன்னாங்க. விட்டுட்டேன், இப்ப எனக்கு அந்த எடம்தான் ரொம்பப் புடிக்குது. சுத்தி தேயிலைப் பாக்கெட் தாளையும் சம்பளச் சிட்டையும் வெட்டி ஒட்டினேன், அதெல்லாம் தாராளமா வெட்டினேன்.

அசல் போனாப் போனதுதாங்க. லயனல் வென்ட்னு தியேட்டர், கேலரி எல்லாம் இருக்கே, அந்த மனுஷன் அப்பவே கொழும்புல ரெண்டு மூனு நெகட்டிவை ஒன்னா அடிச்சு போட்டோமொன்டாஜ் செஞ்சவரு. 1944-ல அவரு போனப்புறம் நெகட்டிவுகளை அழிச்சுட்டாங்க. இதை எங்க புள்ளைங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்றேன்.

ஃபிரேம் கடைக்காரர், கொட்டாஞ்சேனை

நான் படம் செய்யிறவன் இல்லை, ஃபிரேம் அடிக்கிறவன். ஆனா இந்த ஆக்கள் கடைசியா வாறது என்னட்டத்தானே. கொலாஜுக்குக் கண்ணாடி தாளில முட்டவே கூடாது, இடையில மவுண்ட் எண்ட தடிச்ச அட்டை வச்சுத் தூக்கிவிட வேணும், இல்லாட்டி இந்தப் புழுக்கத்துக்குத் தாள் கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சிடும்.

ஒரு வயசான ஐயா வருவார், முந்திப் பத்திரிகையில அச்சுக் கோர்த்தவர். எண்பதாம் தொண்ணூறாம் ஆண்டுப் பேப்பர் கட்டுகள் வீடு நிறைய. 2022 மார்ச்சில தாள் இல்லாம மேல் மாகாணத்தில பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளிப்போட்டாங்களே, அந்த நேரம் பழைய பேப்பருக்கு நல்ல விலை எண்டு வாங்கிற ஆக்கள் வாசலில வந்து நிண்டவை, ஒரு தாளும் குடுக்கேல்ல மனுஷன். அவர் கேட்டது ஒரு மாதிரியான ஃபிரேம், முன்னுக்கும் கண்ணாடி, பின்னுக்கும் கண்ணாடி. ஏனெண்டு கேட்டன். ஒரு படத்த வெட்டினா பின்பக்கத்தில இருக்கிற செய்தியும் வெட்டுப்படுது, அது என்னது எண்டு பாக்கிற ஆளுக்குத் தெரியவேணும் எண்டார். அடிச்சு முடிச்சுத் திருப்பிப் பாத்தன். முன்னுக்குப் புடவைக்கடை விளம்பரத்துப் பொம்பிளை சிரிக்கிறா, பின்னுக்கு அதே வடிவத்தில, சாறி மடிப்போட சேத்து, ஊரடங்குச் சட்டச் செய்தியின்ர அரைவாசி. வசனம் நடுவில நிக்குது.

மரண அறிவித்தல் படங்களையும், காணாமல் போன ஆக்களத் தேடி வீட்டுக்காரர் போட்ட விளம்பரங்களையும் அவர் வெட்டிறதில்லை. அந்தப் பக்கம் வந்தா தாள் முழுசா அப்பிடியே ஒரு கட்டில போகும். அதுக்குப் பின்பக்கத்தில எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் எடுக்க மாட்டார், நானே ஒருக்கா ஒரு அருமையான கப்பல் படத்தக் காட்டிக் கேட்டுப் பாத்தன், திருப்பிக் காட்டினார், மற்றப் பக்கத்தில ஒரு பெடியன்ர முகம். நான் பிறகு கதைக்கேல்ல.

இப்ப புதுசா ஒண்டு கொண்டந்து தந்திருக்கிறார், மூண்டு அங்குல ஆழம் வேணுமாம், ரெண்டு பக்கமும் கண்ணாடி. அந்த ஆழத்துக்கு ஏத்த தேக்கு, கனக்காத மாதிரி, புறக்கோட்டைப் பக்கம் ஆரிட்டயாவது இருக்கெண்டா சொல்லுங்கோ, போய்ப் பாக்கிறன்.