கணங்களின் வெட்டு: விடை 18, எனக்கு 13 வருகிறது (அவசரம்)

பனித்துளி:
நாளைக் காலை தேர்வு. கிரிக்கெட் விளையாடுவோர் 35 பேர், கால்பந்து விளையாடுவோர் 28 பேர். இரண்டும் விளையாடுவோர் எத்தனை பேர்? விடைப் பக்கத்தில் 18 என்றிருக்கிறது. எனக்கு 13தான் வருகிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? அது தெரியாமல் 13 எப்படி வந்தது?

பனித்துளி:
50.

ஆற்றுமணல்:
அச்சுப்பிழைதான். 35 + 28 = 63. அதில் 50 போனால் 13. விடைப் பக்கங்களை நம்பாதீர்கள் என்று எத்தனை இழைகளில் எழுதுவது!

கூழாங்கல்:
35 பேர் 'கிரிக்கெட் மட்டும்' ஆடுபவர்களாக இருக்கலாமே?

தெற்குவாசல்:
இருக்க முடியாது. 'மட்டும்' என்றால் இரண்டையும் கூட்டினாலே 63 பேர். வகுப்பில் இருப்பதோ 50.

முன்னாள் ஆசிரியர்:
தேர்வுக்கு முந்தின இரவில்தான் எல்லாருக்கும் கணங்கள் நினைவுக்கு வருகின்றன. 50 என்பது அனைத்துக்கணம், அதாவது வகுப்பு முழுவதும். அதையே சேர்ப்பு (ஏதாவது ஒன்றையாவது ஆடுவோர்) என்று எடுத்துக்கொள்ள யார் சொன்னது? எதுவும் ஆடாதவர் ஒருவரும் இல்லையென்றால்தான் இரண்டும் சமம். கொடுத்த விவரத்துக்கு வெட்டு (இரண்டும் ஆடுவோர்) 13க்குக் குறையாது, 28ஐத் தாண்டாது. அதற்குமேல் சொல்ல வழியில்லை. முதலில் பாடத்தைப் படியுங்கள்.

தெற்குவாசல்:
பதற்றத்தில் கேட்கிற பிள்ளையிடம் இவ்வளவு கடுமை வேண்டாம் ஐயா. பனித்துளி, வினாவை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்.

கூழாங்கல்:
வென் படம் போட்டுப் பாருங்கள், ஆட்டத்துக்கு ஒரு வட்டம். 28 பேரும் கிரிக்கெட்டும் ஆடினால் சின்ன வட்டம் பெரியதற்குள் அடங்கிவிடும்.

முன்னாள் ஆசிரியர்:
அது ஆய்லர் படம், ஆள் இருக்கும் பகுதிகளை மட்டும் காட்டுவது. ஜான் வென் 1880இல் வகுத்த முறையில், ஆள் இல்லாத பகுதிக்கும் இடம் விட்டே வரைய வேண்டும்.

ஆற்றுமணல்:
உட்கணத்தை உள்வட்டமாக வரைந்து வென் படம் என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

முன்னாள் ஆசிரியர்:
மதிப்பெண் கிடைப்பதால் பெயர் சரியாகிவிடாது.

பனித்துளி:
கடைசியில் '5 பேர் எந்த விளையாட்டும் விளையாடுவதில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. அது தேவையா?

தெற்குவாசல்:
அதுதான் தேவை! வகுப்பைக் குறிக்கும் செவ்வகத்துக்குள், வட்டங்களுக்கு வெளியே 5 எழுதுங்கள். சேர்ப்பு 50 − 5 = 45. இரண்டும் ஆடுகிறவர்கள் 35இலும் இருக்கிறார்கள், 28இலும் இருக்கிறார்கள். அதனால்தான் கூட்டுத்தொகை 63 ஆகிறது. வெட்டு 63 − 45 = 18. கிரிக்கெட் மட்டும் 17, கால்பந்து மட்டும் 10. 17 + 18 + 10 + 5 = 50, சரியாக இருக்கிறது.

ஆற்றுமணல்:
சரி, இந்தக் கணக்கில் அச்சுப்பிழை இல்லை. மற்றவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பனித்துளி:
18 வந்துவிட்டது. நன்றி.

கூழாங்கல்:
ஆய்லர் படம் என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பார்களா?