ஆம்பிளைக்கு ஹை ஹீல்ஸ்: வன்னிக்குள்ளை எப்பிடி வாங்கிறது, எப்பிடி நடக்கிறது?

குளக்கட்டு (கிளிநொச்சி):

வணக்கம். ஹீல்ஸ் வாங்கி வெளியிலை போட யோசிக்கிற ஆம்பிளை. நாடகத்துக்கோ பகிடிக்கோ இல்லை, ஜீன்ஸோடையும் கலியாணவீட்டு உடுப்போடையும் போடத்தான். 3 இஞ்சிக்குக் கிட்ட உயரம், கணுக்காலிலை வார் இருந்தால் நல்லது. சாதாரண சப்பாத்து 8, நிறை 72 கிலோ. பெண்கள் பக்கத்திலை 8 எண்டு கேட்டால் சரிவருமோ? கடையிலை என்ன சொல்லிக் கேக்கிறது? எங்கடை ஒழுங்கை முழுக்கக் கிரவல், மாரியிலை சேறு. இதுக்கு எந்த மாதிரி ஹீல்? "பழகினால் வந்திடும்" எண்டு மட்டும் சொல்லாமல், எதை எப்பிடிப் பழகிறது எண்டு சொல்லுங்கோ.

தோல்வேலை (வவுனியா):

தம்பி, நம்பரை விட்டிட்டு சென்ரிமீற்றருக்கு வாங்கோ. பின்னேரத்திலை, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம் அளக்கோணும். ஏ4 தாள் ஒண்டைச் சுவரோடை முட்ட நீளப்பாட்டுக்கு வைச்சு, குதிக்கால் சுவரிலை முட்ட, ரண்டு காலிலையும் பாரம் விட்டு நில்லுங்கோ. கதிரையிலை இருந்துகொண்டு அளந்தால் சில மில்லிமீற்றர் குறையக் காட்டும். பென்சிலை நிமித்திப் பிடிச்சு ஆக முன்னுக்கு நிக்கிற விரலடியிலை கோடு போடுங்கோ. அது பெருவிரலாத்தான் இருக்கோணும் எண்டில்லை, கனபேருக்கு ரண்டாம் விரல்தான் நீளம். ஏ4 தாள் 29.7 சென்ரிமீற்றர். கோட்டுக்கு முன்னாலை மிஞ்சிற தாள் 3.2 எண்டால் கால் 26.5. ரண்டு காலையும் அளந்து பெரிசை எடுங்கோ. விரல் தொடங்கிற அகலமான இடத்தைச் சுத்தித் தையல் டேப்பாலையும் ஒரு அளவு எடுத்து வையுங்கோ.

ஐரோப்பிய நம்பருக்குக் கால் நீளத்தோடை 1.5 ஐக் கூட்டி, வாறதை 1.5 ஆலை பெருக்கோணும். 26.5 எண்டால் 42. சீனாவிலையிருந்து வாற சாமானுக்குக் கணக்கு வேறை: நீளத்தை ரண்டாலை பெருக்கி 10 ஐக் கழிக்கிறது. அதே 26.5 அங்கை 43. "சீனச் சப்பாத்து சின்னன்" எண்டு சனம் திட்டுறது இதாலைதான், சப்பாத்திலை பிழையில்லை. பிரித்தானிய 8 ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அமெரிக்க நம்பரிலைதான் பெண் அளவு ஆண் அளவைவிட ஒண்டரை கூட நிக்கும்.

நீளம் சரிவந்தாலும் அச்சு, அதாவது சப்பாத்தை உருவாக்கிற கால் வடிவம், வேறை. பெண்கள் அச்சு முன்பக்கமும் குதியும் ஒடுக்கம். முன்பக்கம் மூடினதை எடுத்தால் சின்னவிரல்தான் முதலிலை அழும். அதாலை முதல் சோடி விரல் திறந்த, வார் வைச்ச சான்டல்ஸ் எடுக்கிறதுதான் புத்தி. விரலுக்கு முன்னாலை 3, 4 மில்லிமீற்றர் அடி தெரியோணும். விரல் விளிம்பைத் தாண்டித் தொங்கினால் நம்பர் சின்னன், வாரை இறுக்கித் திருத்தேலாது. தோல் எண்டால் கொஞ்சம் இளகும். ரெக்சின் இளகாது, கடையிலை இறுக்கினது கடைசிவரைக்கும் இறுக்கும்.

கடைக் கதை. வவுனியா பஜார் பக்கமோ கிளிநொச்சி ரவுணோ, பெண்கள் தட்டு பெரும்பாலும் 40, 41 ஓடை முடிஞ்சிடும். 42 ஐ ஓடர் குடுத்து எடுப்பிக்கோணும், இல்லாட்டி கொழும்பிலை புறக்கோட்டை, இல்லாட்டி ஒன்லைன். கேக்கேக்கை "42, பிளொக் ஹீல், 3 இஞ்சிக்குள்ளை, எனக்குத்தான்" எண்டால் காணும். பிளொக் எண்டது அகலமான கட்டைமாதிரிக் குதி. வெக்கத்திலை நாடகத்துக்கு எண்டு சொல்லிப்போடாதேங்கோ. ஒருநாள் தாங்கினால் போதும் எண்ட சாமானைத்தான் எடுத்து நீட்டுவினம். 3, 4 மணிக்குப் போங்கோ, கடையும் வெறிச்சிருக்கும், காலும் அளவுக்கு வந்திருக்கும்.

கையிலை எடுத்தவுடனை செய்யிறது: ரண்டையும் கண்ணாடி மேசையிலையோ ரைல்ஸிலையோ வைச்சுப் பின்பக்கத்தாலை பாருங்கோ. ஹீல் நேர் குத்தா நிக்கோணும், அடி ரப்பர் முழுக்கத் தரையிலை படோணும். பிறகு ஹீலைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்கோ. அசைஞ்சால் ஹீலை இறுக்கமாப் பூட்டேல்லை. உள்ளங்கால் வளைவிலை பெருவிரலாலை அமத்துங்கோ. அங்கை ஒரு உருக்குத் தகடு ஓடோணும். சின்னக் காந்தம் ஒண்டு கொண்டுபோனால் ஒட்டிப் பாக்கலாம். தகடு மெலிசெண்டால் 72 கிலோவுக்கு வளைவு இறங்கி, ஹீல் பின்பக்கம் சாயும்.

மாங்குளம்சந்தி:

தோல்வேலை அண்ணை சாமானைப் பற்றிச் சொல்லியிட்டார், நான் தரையைப் பற்றிச் சொல்லுறன். நடக்கேக்கை ஒரு கணம் முழு நிறையும் ஒரு ஹீலிலைதான் நிக்கும். ஊசி ஹீலின்ரை நுனி 1 சதுர சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ, 72 கிலோவும் அதிலை. 4 க்கு 4 பிளொக் ஹீல் எண்டால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 4.5 கிலோ. முல்லைத்தீவு மணலிலையும் மாரிச் சேத்திலையும் ஊசி ஹீல் ஆணி மாதிரி இறங்கும். ஏ9 மாதிரிக் காப்பெட் ரோட்டிலையும் மண்டபத்து மாபிளிலையும் மட்டும்தான் அதுக்கு வேலை.

வெட்ஜ், அதாவது குதியும் அடியும் ஒரே துண்டாச் சேர்ந்தது, நல்லதுதானே எண்டு கன பேர் சொல்லுவினம். மணலுக்குச் சரி. கிரவலுக்குச் சரியில்லை: அடி தடிப்பு, வளையாது, கல்லு கீழை கிடக்கிறது காலுக்குத் தெரியாது. ஒரு பக்கம் கல்லிலை ஏறினால் முழு அடியும் சரிஞ்சு கணுக்கால் மடங்கும். முன்பக்கம் தடிச்ச பிளட்போமுக்கும் இதே குறை இருக்கு. அகலமான பிளொக், முன்பக்கம் மெலிசாகவும் வளையக்கூடியதாகவும் இருக்கிறதுதான் எங்கடை ஒழுங்கையளுக்கு. அப்பிடியும் ஒழுங்கையைத் தட்டைச் செருப்போடை தாண்டி, ரோட்டுக்கு வந்து மாத்திறதுதான் கெட்டித்தனம். ஹீல்ஸைத் துணிப்பையிலை கொண்டு போங்கோ.

மோட்டார் சைக்கிள் எண்டால் கதையே வேண்டாம். கியர் நெம்புக்குக் கீழை முன்பாதம் போகவேணும், பிறேக்கைப் பாதத்தாலை அளந்து அமத்தவேணும், நிப்பாட்டேக்கை நிலத்திலை கால் ஊண்டவேணும். மூண்டும் ஹீலோடை பிழைக்கும். பஸ்ஸிலை ஏறேக்கை முழுப் பாதத்தையும் படியிலை வையுங்கோ, ஹீல் வெளியிலை தொங்கக்கூடாது. இறங்கேக்கை கம்பியைப் பிடிச்சு, உடம்பைக் கொஞ்சம் சரிச்சு இறங்குங்கோ.

நடை. ஆம்பிளையள் விடுற பெரிய பிழை வழக்கமான நீளத்துக்கு எட்டு வைக்கிறது. எட்டு நீண்டால் ஹீல் சரிவா விழும், வழுக்கும். கால்வாசியாவது குறையுங்கோ. ஹீலும் முன்பாதமும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு உடனை படோணும், ஹீலாலை குத்தக்கூடாது. முழங்கால் மடிச்சபடி நடந்தால் கோழி நடை வரும். ஹீல் உடம்பை முன்னுக்குத் தள்ளேக்கை சமநிலைக்காக முழங்கால் மடியும், அதை நிமித்தி நடக்கப் பழகுங்கோ. ஹீல்ஸ் போட்டால் கெண்டைக்காலும் இறுகும், அதுக்கு இது: சுவரிலை கை வைச்சு, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டிக் குதியை நிலத்திலை அமத்தி 30 செக்கன், காலுக்கு மூண்டு தரம், போட முன்னமும் கழட்டின பிறகும். முதல் கிழமை 4, 5 சென்ரிமீற்றர் உயரத்தோடை ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் காணும். கண் 3, 4 மீற்றர் முன்னாலை பாக்கோணும், செருப்பைப் பாத்து நடந்தால் இடுப்பு பின்னுக்குப் போகும்.

ஒரு ஆறுதல்: நீளமான காலுக்கு அதே 3 இஞ்சி குறைஞ்ச சரிவுதான். 37 சைஸ் பிள்ளை படுற பாடு 42 சைஸுக்கு இல்லை.

வேப்பமரநிழல்:

உதெல்லாம் சரி, ஊர்ச்சனம் பாத்துச் சிரிக்காதோ? ஆம்பிளைக்கு உது என்னத்துக்கு?

அளவுகோல் (யாழ்ப்பாணம்):

ஐரோப்பாவுக்கு உயர்ந்த குதியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே பாரசீகக் குதிரைவீரர்களின் பழக்கம்தான். அங்கவடியில் கால் நழுவாமல் நிற்க அது உதவியது. பிரான்சின் 14ஆம் லூயி 1701இல் வரையப்பட்ட ஓவியத்தில் சிவப்புக் குதியோடு நிற்கிறார். கூத்தில் பெண்வேடம் கட்டி ஆடிய ஆண்களை விடிய விடிய இருந்து பார்த்த ஊர் இதற்குச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆண் இன்ன செருப்புத்தான் போடவேண்டும் என்று இலங்கையில் சட்டமும் இல்லை. கேள்விக்கு வருவோம்.

மேலே சொல்லாத ஒன்று: ஹீல்ஸ் போட்டு நிற்கும்போது பாதம் முன்னோக்கிச் சரியும். குதிப் பக்கம் இடைவெளி தெரியும். உடனே "பெரிதாகிவிட்டது" என்று ஒரு நம்பர் சின்னதை வாங்குவார்கள், விரல்கள் நசுங்கும். உண்மையில் முன்பாதம் பிடிபடவில்லை என்பதே காரணம். முன்பாதத்தின் கீழ் 3 மில்லிமீற்றர் ஜெல் பட்டை ஒட்டினால் சரிவு நிற்கும். குதிக்குப் பின்னால் ஒட்டும் பட்டை இரண்டாவது வழிதான். அதை முதலில் ஒட்டினால் பாதம் இன்னும் முன்னால் தள்ளப்படும். கணுக்கால் வார் ஆண்களுக்கு அநேகமாகக் குட்டை. கடைசித் துளையில் மாட்டினால் போதாது, இருந்து எழும்பும்போது கணுக்கால் விரியும். துளை போட இடமில்லாவிட்டால் வாரையே மாற்றச் சொல்லுங்கள்.

செயற்கைக்கால் போட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களாக முயலாதீர்கள். செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு நிமிர்த்திப் பொருத்தப்பட்டது. ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலோடும் நடப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு 5 சென்ரிமீற்றர் ஹீல் மாட்டினால் காலின் தண்டு முன்னால் சாயும், முழங்கால் மடிந்து விழுத்தும். குதி உயரத்துக்கேற்பத் திருப்பக்கூடிய பாதங்கள் உண்டு. கால் பொருத்தியவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

காற்சட்டையும் கவனம். ஹீல் போட்டுக்கொண்டே தையல்காரரிடம் நில்லுங்கள். பின்பக்க விளிம்பு தரையிலிருந்து 1 சென்ரிமீற்றர் மேலே நின்றால் அழகு. அதைவிட இறங்கினால் ஹீல் விளிம்பை மிதிக்கும். வேட்டியோடு போட நினைத்தால் கரையை இன்னும் ஏற்றிக் கட்டுங்கள், படியில் அதுதான் ஆளை விழுத்தும்.

குளக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. அளந்தன்: இடது 26.5, வலது 26.7, சுத்தளவு 25. ஒன்லைனிலை ஒரு சோடி பாத்து வைச்சிருக்கு, 7.5 சென்ரிமீற்றர் பிளொக், 43 வரைக்கும் இருக்கு. அட்டவணையிலை 43 க்கு 265 எண்டு கிடக்கு. எடுக்கலாமோ? கோயிலுக்கும் வீடுகளுக்கும் போனால் கழட்டவேணுமே, வார் கரைச்சல் குடுக்காதோ? அடி ரப்பர் தேஞ்சால் இஞ்சை மாத்துவினமோ?

தோல்வேலை (வவுனியா):

265 எண்டது 26.5 சென்ரிமீற்றர் கால். உங்கடை வலது 26.7, சுத்தளவும் பெண்கள் அச்சுக்குக் கூட. அந்த 43 ஐ எடுக்க வேண்டாம். 44 இருக்கோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி உள் அடியின்ரை நீளத்தை அடிமட்டம் வைச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. திறந்த சான்டல்ஸுக்கு 27.1 இலையிருந்து 27.3 வரை சரி, மூடினது எண்டால் 27.7 வேணும். பெரிய நம்பருக்கெண்டே செய்யிற வெளிநாட்டுக் கொம்பனியள் இருக்கு, அமெரிக்காவின்ரை பிளீசர் ஒண்டு. தபாலும் சுங்கமும் சேர்ந்தால் விலை ஏறும், முதல் சோடிக்கு அது தேவையில்லை. டராஸ் ஒன்லைன் கடையிலை சாமான் வந்த பிறகு காசு குடுக்கிறமாதிரி எடுங்கோ. வந்த உடனை பாயிலையோ காட்போட்டிலையோ நடந்து பாருங்கோ. அடியிலை கீறல் விழுந்தால் திருப்பி எடுக்கமாட்டினம்.

கழட்டுறதுக்கு: வெளிப்பக்கம் பக்கிள், பின்பக்கம் சிப் வைச்ச மொடல் இருக்கு. பக்கிளை ஒருக்கா அளவுக்குப் பூட்டிவிட்டால் பிறகு சிப் மட்டும்தான். கோயில் வாசலிலை வெயிலுக்கை விடாதேங்கோ, சூட்டுக்குப் பசை இளகி அடி வாய் பிளக்கும். நாய்க்கும் இந்த வார் எண்டால் நல்ல விருப்பம், உயர வையுங்கோ.

அடி ரப்பர் செருப்புத் தைக்கிற ஆர் எண்டாலும் மாத்துவினம். பிளொக் ஹீலுக்கு 5, 6 மில்லிமீற்றர் ரப்பர் தாளை வெட்டி, பசை பூசி ரண்டு பக்கமும் காயவிட்டு ஒட்டி, ஆணி அடிச்சு விளிம்பைச் சீவிறது. ரயர் ரப்பர் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, மண்டபத்து மாபிளிலை கறுப்புக் கோடு இழுக்கும். ரப்பர் 2 மில்லிமீற்றராத் தேயேக்கையே குடுத்திடோணும். அதுக்குப் பிறகு ஹீலின்ரை பிளாஸ்ரிக் தேயத் தொடங்கும், அதைத் திருத்திறது கரைச்சல். புதுசா வாங்கினவுடனை ஹீலுக்கு உள்ளாலை ஒரு திருகாணி போடச் சொல்லிக் குடுங்கோ: குதிப்பக்க உள்தாளைக் கிளப்பி, நடுவிலை திருகி, திருப்பி ஒட்டுவினம். 72 கிலோவுக்கு அது கட்டாயம்.

மாங்குளம்சந்தி:

இன்னுமொண்டு. நுரை அடி வைச்ச சாமான் கனகாலம் கடைத் தட்டிலை கிடந்தால் ஈரப்பதனிலை உள்ளாலை உக்கும். மலிவு விலைக்குப் போடுற பழைய இருப்பிலைதான் இது கூட. அடி விளிம்பிலை நகத்தாலை அமத்திப் பாருங்கோ. குழி திரும்ப எழும்பாட்டியோ, மா மாதிரி உதிர்ந்தாலோ வைச்சிட்டு வாங்கோ. மாரிக்காலம் முடியுமட்டும் பொலித்தீன் பையிலை கட்டி வைக்காமல், பேப்பர் திணிச்சு, காத்துப்படுற இடத்திலை வையுங்கோ.

முதல் தரம் போடுறது மண்டபத்துக்குப் போட்டால் நல்லது. தரை சமன், வெளிச்சம் இருக்கு, இருக்கக் கதிரை இருக்கு. இரவிலை தனிய ஒழுங்கையாலை வரேக்கை தட்டைச் செருப்பு. ஹீல்ஸோடை ஓடேலாது, நாய் கலைச்சாலும் சரி, ஆக்கள் கலைச்சாலும் சரி.

குளக்கட்டு:

44 க்கு உள் அடி 27.2 எண்டு படம் வந்திருக்கு. ஓடர் போட்டாச்சு.