வாங்கி 19 நாள், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு: ஓட்டுவதா, நிறுத்துவதா?

காசிமேட்டுக்காற்று:
2021 மாடல் பழைய டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்கி இன்றோடு 19 நாள். சாவி கைக்கு வந்தபோது ஓடோமீட்டரில் 71,180; இப்போது 71,560. நேற்று மாலை எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. புகைக்குழாயோடு ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள். வீடு சேர்வதற்குள் எஞ்சின் வடிவ விளக்கும் சேர்ந்துகொண்டது. மின்ட் மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைவாகத் தெரிகிறது. தெருமுனை மெக்கானிக் 500 ரூபாய்க்கு விளக்கை அணைத்துத் தருகிறேன் என்கிறார். மாமனார் வண்டியைத் திருப்பிக் கொடு என்கிறார். ஒருமுறை திருத்தணி போய் வந்ததைத் தவிர, காசிமேட்டிலிருந்து பாரிமுனைக்குப் போய் வருவதுதான் என் ஓட்டம். என்ன செய்யட்டும்?

நெடுஞ்சாலை_நாயகம்:
பதறாதீர்கள் தம்பி. பெட்டியும் புள்ளியும் டிபிஎஃப் என்னும் டீசல் புகை வடிகட்டியின் விளக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்க இந்த வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது வண்டியே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துக்கொள்ளும். அதற்கு நிற்காத ஓட்டம் வேண்டும். ராயபுரத்து நெரிசலில் அந்தச் சூடு எப்படி வரும்? ஞாயிறு விடியற்காலையில் மாதவரம், செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை விடுங்கள். அறுபதுக்குக் குறையாமல், ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுற்று 2,000க்கு மேல் இருக்கட்டும். இருபது நிமிடம் போதும். திரும்பும்போது கவரைப்பேட்டையில் ஒரு டீ. விளக்கு போயிருக்கும்.

பத்துபன்னிரண்டு:
நாயகம் ஐயா, பெட்டி விளக்கு மட்டும் எரிந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிகிறது, இழுவையும் குறைந்திருக்கிறது. அதோடு தம்பி திருத்தணிக்குப் போய் வந்திருக்கிறார். போகவர 170, 180 கிலோமீட்டர் நல்ல சாலையில் ஓடியும் கரி எரியவில்லை என்றால் குறை நெரிசலில் மட்டும் இல்லை. வேறு பழுது பதிவாகியிருந்தால் பல வண்டிகள் அந்த எரிப்பையே தொடங்காது. எரிபொருள் ரிசர்வுக்கு வந்துவிட்டாலும் அப்படித்தான்.

தம்பி, மூன்று வேலை. தெருமுனைக்காரரை விளக்கை அணைக்க விடாதீர்கள். உள்ளே பதிந்திருக்கும் பிழை எண்ணும் சேர்ந்து அழிந்துவிடும். நாளைக் காலை வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள்.

மூலக்கடை_அண்ணாச்சி:
இத்தனை வம்பு எதற்கு? வடிகட்டியைக் கழற்றி உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் அதை மறக்கவைத்தால் முடிந்தது. என் வண்டியில் செய்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு விளக்கும் எரிவதில்லை.

பத்துபன்னிரண்டு:
விளக்கு எரியாது அண்ணாச்சி, மறக்கவைத்துவிட்டீர்களே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. ஆலைப்புகை சூழ்ந்த மணலிப் பக்கம் குடியிருந்துகொண்டு நம் பங்குக்கும் கரியை ஊதுவானேன்?

மூலக்கடை_அண்ணாச்சி:
முன்னால் போகும் லாரி ஊதுவதை யார் கேட்கிறார்கள்? எனக்கு மட்டும் சட்டம்.

காசிமேட்டுக்காற்று:
குச்சியைப் பார்த்துவிட்டேன். நல்ல செய்திதான்! ஆயில் குறையவே இல்லை. மேல் கோட்டையும் தாண்டி விரற்கடை அளவு கூடுதலாகவே இருக்கிறது. விற்றவர் தாராளமாக ஊற்றியிருக்கிறார் போலிருக்கிறது.

பத்துபன்னிரண்டு:
தம்பி, வண்டியை நகர்த்தாதீர்கள். குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வருகிறதா?

காசிமேட்டுக்காற்று:
வருகிறது. டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு வைத்தேன். நடுவில் கறுப்பாகவும் சுற்றி வெளிறிய வளையமாகவும் பரவுகிறது.

பத்துபன்னிரண்டு:
அது தாராளம் இல்லை. கரியை எரிக்கச் சூடு வேண்டும் என்று எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். எரிப்பு முடிவதற்குள் நீங்கள் பாரிமுனையில் வண்டியை அணைத்துவிடுவீர்கள். இப்படி அரைகுறையாக நின்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், அளவு ஏறும். இந்த ஆயிலோடு கும்மிடிப்பூண்டிக்கு விரட்டியிருந்தால், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவும் பேரிங்கும் என்ன ஆகியிருக்கும் என்று நாயகம் ஐயாவே சொல்லட்டும்.

நெடுஞ்சாலை_நாயகம்:
ஆயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆயிலை மாற்றிய பிறகு அதே சாலைக்குத்தான் போகவேண்டும், அதை மறக்காதீர்கள்.

பத்துபன்னிரண்டு:
போகலாம். சாம்பல் குறைவான, டிபிஎஃப் வண்டிக்கென்று உள்ள ஆயிலாக ஊற்றச் சொல்லுங்கள். கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

காசிமேட்டுக்காற்று:
இழுவை வண்டியில் ஏற்றித் தண்டையார்ப்பேட்டையில் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரில் இரண்டு எண்கள். பி2463, வடிகட்டியில் கரி மிகுதி. பி0299, டர்போ காற்றழுத்தம் குறைவு. பையன் அடிப்பகுதித் தட்டைக் கழற்றி, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயை டார்ச் அடித்துக் காட்டினான். கிளாம்பை ஒட்டிக் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி அப்பிக் கறுத்திருந்தது. புதுக் கிழிசலில் இவ்வளவு அழுக்கு சேராது என்றான். காற்று அங்கே கசிவதால்தான் அழுத்தம் குறைந்து, கரியும் கூடியதாம். மேம்பாலம் ஏறும்போது கேட்ட விசில் சத்தத்துக்கும் அதுதான் காரணமாம். நான் டர்போ என்றாலே அப்படித்தான் பாடும் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனரில் இன்னொரு வரியும் இருந்தது. பிழைகளை அழித்தபின் ஓடிய தூரம்: 412 கிலோமீட்டர்.

பத்துபன்னிரண்டு:
நீங்கள் ஓட்டியது 380. சாவி கைக்கு வருவதற்கு 32 கிலோமீட்டர் முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள். தெருமுனைக்காரர் 500 ரூபாயை வாங்கியிருந்தால் இந்த எண்ணும் பூஜ்யமாகியிருக்கும். திரையைப் படம் எடுத்தீர்களா?

மூலக்கடை_அண்ணாச்சி:
பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்த எண் பூஜ்யத்துக்குப் போகுமே. விற்கும் முன் முனையைச் சுத்தம் செய்திருக்கலாம். விற்றவரை அதற்குள் திருடனாக்கிவிட்டீர்கள்.

நியாயவிலை:
சில வண்டிகளில் போகும், மறுக்கவில்லை. ஆனால் பழைய கிழிசல், 32 கிலோமீட்டருக்கு முன் அழிந்த பிழை, 19 நாளில் திரும்ப எரிந்த விளக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்றவர் கார் வியாபாரியா, சொந்த வண்டியை விற்ற தனிநபரா? வியாபாரி என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தனிநபர் என்றால் அந்த வழி கடினம்.

மூலக்கடை_அண்ணாச்சி:
‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கியிருப்பார்? ஒரு ரப்பர் குழாய்க்கு வழக்கா? பழைய வண்டி வாங்கினால் முதல் மாதம் இருபதாயிரம் தனியாக எடுத்துவைப்பதுதான் வழக்கம்.

நியாயவிலை:
உள்ளதை மறைக்காமல் காட்டியிருந்தால்தான் உள்ளபடி. வழக்கு போடு என்று நான் சொல்லவில்லை. முதலில் ஸ்கேனர் படம், பட்டறை பில், விற்பனைச் சீட்டு மூன்றின் நகலையும் வைத்துப் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பட்டும்.

காசிமேட்டுக்காற்று:
வியாபாரிதான். கடிதத்தைத் திங்களன்றே அனுப்பிவிட்டேன். குழாய், ஆயில், ஆயில் ஃபில்டர் மூன்றும் மாற்றியாயிற்று. பட்டறையிலேயே ஸ்கேனர் வழியாகக் கரியை எரிக்க வைத்தார்கள்; அரை மணி நேரம் ரேடியேட்டர் விசிறி ஓயவே இல்லை. கழற்றிய பழைய குழாயைப் பையில் போட்டு வாங்கிவைத்திருக்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாமனாருக்கு வருத்தம்தான்.

இன்று காலை நல்லூர் சுங்கச்சாவடி தாண்டிக் கும்மிடிப்பூண்டி வரை போய் வந்தேன். விசில் இல்லை, இரண்டு விளக்கும் இல்லை. வியாபாரி நேற்று போன் செய்து குழாய்க்கான பணத்தை மட்டும் தருகிறேன் என்றார். ஆயிலுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

நெடுஞ்சாலை_நாயகம்:
கவரைப்பேட்டையில் டீ குடித்தீர்களா, இல்லையா?